ஆர்வம் பின்னால் வரும்: நெருக்கடிக் காலத்துக்கு ஒரு பொழுதுபோக்கு

"உனக்கு எதுலப்பா இன்ட்ரஸ்ட்? அதைச் செய், மனசு லேசாயிடும்." வேலை போனவரிடமும், அப்பாவை ஐசியூவில் சேர்த்துவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பவரிடமும், தவணை கட்ட முழி பிதுங்குபவரிடமும் எல்லோரும் நல்லெண்ணத்தோடு சொல்வது இதுதான். கேட்டவர் தலையாட்டுவார். பதில் மட்டும் வராது. நெருக்கடி முதலில் அரித்துத் தின்பதே ஆர்வத்தைத்தான். போன வருஷம் ரசித்துக் கேட்ட பாட்டு இப்போது இரைச்சலாகப் படும். ஆசையாக வாங்கிய நாவலில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்போம். இந்த நிலையில் "எது பிடிக்கும்?" என்று கேட்டுக்கொண்டால், "எதுவும் பிடிக்கவில்லை" என்ற பதில் வந்து இன்னொரு கவலையாகச் சேரும்.

அதனால் இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுகிறது. எது பிடிக்கும் என்று தேட வேண்டாம். உங்கள் நாள் இப்போது எப்படிப் போகிறது, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள், எந்த நேரம் தாங்க முடியாததாக இருக்கிறது, கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பொருந்துகிற ஒரு சின்ன வேலையில் கையை வையுங்கள். கை ஓட ஆரம்பித்தால் ஆர்வம் பின்னாலேயே வரும். வரவில்லை என்றால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். பெரிதாக எதுவும் செலவாகியிருக்காது.

கண்ணுக்கும் கைக்கும் வேலை: ஏன்?

கவலைப்படும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனித்தால் தெரியும். நடந்த காட்சி திரும்ப ஓடும், நடக்கப்போவதாக நாம் பயப்படும் காட்சியும் ஓடும். அதற்கு மேல் ஒரு குரல் விடாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும். இவை எல்லாம் ஓடுவதற்கு மூளையில் உள்ள இடம் ஓர் அளவுக்கு உட்பட்டது. அந்த இடத்தை இன்னொரு வேலை நிரப்பினால் காட்சி ஓட இடம் குறையும்.

இதை ஒட்டி எமிலி ஹோம்ஸும் சக ஆய்வாளர்களும் 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விபத்து, காயம் என்று பதறவைக்கும் காட்சிகளைத் தன்னார்வலர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பிரிவினரை மட்டும் டெட்ரிஸ் விளையாட விட்டார்கள். மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்கும் பழைய வீடியோ விளையாட்டுத்தான் அது. அடுத்த ஒரு வாரத்தில், அந்தக் காட்சிகள் கேட்காமலேயே மனதில் வந்து நிற்பது விளையாடியவர்களுக்குக் குறைவாக இருந்தது. 2010-ல் வந்த அடுத்த ஆய்வில் டெட்ரிஸோடு பொது அறிவு வினாடி வினாவையும் சோதித்தார்கள். வினாடி வினா அந்தப் பலனைத் தரவில்லை. அதிர்ச்சிக் காட்சிகள் பற்றிய ஆய்வு இது. வீட்டுக்கடன் கவலைக்கு அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. என்றாலும் நம் தேடலுக்கு ஒரு துப்பு இதில் இருக்கிறது: வார்த்தையால் ஆன வேலையைவிட, வடிவங்களோடு கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை அந்த இடத்தை நன்றாக நிரப்புகிறது.

ஆர்வம் பின்னால் வரும் என்பதற்கு நன்கு பதிவான எடுத்துக்காட்டு சர்ச்சில். அவருடைய அரசியல் நமக்கு உவப்பானதல்ல, அது வேறு கதை. 1915-ல், முதல் உலகப் போரின் டார்டனெல்ஸ் தாக்குதல் படுதோல்வி அடைந்து, பிரிட்டிஷ் கடற்படை அமைச்சர் பதவி பறிபோனபோது அவருக்கு வயது 40. அதுவரை ஓவியத்தின் பக்கமே போகாதவர். அந்தக் கோடையில் நாட்டுப்புற வீடொன்றில் தங்கியிருந்தபோது, தம்பி மனைவி நீர்வண்ணம் தீட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா குழந்தைகளின் வண்ணப்பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பிடித்தது, அதன் பிறகு சாகும்வரை பெரும்பாலும் விடவில்லை. அவரிடம் யாரும் "உங்களுக்கு எதில் ஆர்வம்?" என்று கேட்கவில்லை. கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தூரிகை இருந்தது, அவ்வளவுதான்.

நான்கு சோதனைகள்

ஹங்கேரிய-அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, ஒரு வேலையில் மூழ்கி நேரம் போவதே தெரியாமல் இருக்கும் நிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 'ஃப்ளோ' என்ற அவருடைய புகழ்பெற்ற நூல் 1990-ல் வந்தது. அந்த நிலை வருவதற்கு அவர் சொன்னவற்றில் முக்கியமானவை மூன்று: என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று உடனே தெரிய வேண்டும், வேலையின் கடினம் நம் திறமைக்குச் சற்றே மேலே இருக்க வேண்டும். இவற்றோடு நெருக்கடிக் காலத்துக்கு வேண்டியதையும் சேர்த்தால் நான்கு சோதனைகள் கிடைக்கும்.

1. அடுத்த படி கண்ணுக்குத் தெரிகிறதா? அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்தால் அந்த இடைவெளியில் கவலை நுழைந்துவிடும்.

2. பாதியில் போட்டுவிட்டு எழ முடியுமா? டாக்டர் கூப்பிடுவார், குழந்தை அழும், வங்கியிலிருந்து போன் வரும். விட்ட இடத்தில் மறுபடி தொடங்க முடியாத வேலை இப்போதைக்குச் சரிப்படாது.

3. கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறதா? ரீல்ஸ் தள்ளுவதும் சீரியல் பார்ப்பதும் இங்கேதான் தோற்கின்றன. விரல் தன்பாட்டுக்குத் தள்ளும், மனம் தன்பாட்டுக்குப் புலம்பும்.

4. முதல் மாதச் செலவு 200 ரூபாய்க்குள் அடங்குமா? கிதார், கேமரா, தொலைநோக்கி, தையல் மெஷின் எல்லாம் நல்லவைதாம். ஆனால் பணக்கஷ்டத்தில் வாங்கிய பொருள் மூலையில் கிடந்து நம்மையே முறைக்கும்.

நான்கில் மூன்று தேறினாலும் முயன்று பார்க்கலாம். முதல் இரண்டில் தோற்றால் வேண்டாம்.

உங்கள் நெருக்கடியின் வடிவம் என்ன?

வெளியில் எங்கோ காத்திருப்பதுதான் உங்கள் பாடு என்றால், பைக்குள் அடங்குகிற, யாருக்கும் இடைஞ்சல் இல்லாத வேலை வேண்டும். நோட்டில் போடும் சிக்குக்கோலம் அதற்கு ஏற்றது.

படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கட்டுண்டவர் என்றால், ஜன்னலும் பால்கனியும்தான் உங்கள் உலகம். பறவைகளும் கீரைத் தொட்டியும் அங்கேயே கிடைக்கும்.

வேலை இல்லாமல் பகல் நீண்டு கிடக்கிறது என்றால், முடித்ததும் கண்முன் நிற்கிற ஒரு பொருள் வேண்டும். ஒயர்க்கூடை அதைத் தரும்.

இரவில்தான் உங்களுக்குப் பிரச்சினை, தூக்கம் வராமல் புரள்கிறீர்கள் என்றால், மொட்டை மாடி இருக்கிறது, மேலே நிலா இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நோட்டில் சிக்குக்கோலம்

"கோலமா? நானா?" என்று ஆண்கள் நகர்ந்துவிட வேண்டாம். வாசலில் உட்காரச் சொல்லவில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர் போதும். பார்ப்பவர்களுக்கு நீங்கள் ஏதோ கணக்குப் போடுவதாகத்தான் தெரியும். உண்மையும் அதுதான்.

மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். இரண்டு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற இடைவெளி வசதியாக இருக்கும். விதிகள் எளியவை. அக்கம்பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே எப்போதும் இரண்டு கோடுகள் பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்ள வேண்டும். மேல்கீழ்ப் புள்ளிகளுக்கும் இதேதான். ஓரத்துக்கு வந்த கோடு, ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். ஒருமுறை போன கோட்டின் மேலேயே மறுபடி போகக் கூடாது. எங்காவது தொடங்குங்கள். கையை எடுக்காமல் வளைந்து வளைந்து போனால், எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேரும். ஒரே இழை.

அடுத்து மூன்றுக்கு மூன்று வைத்துப் பாருங்கள். கோடு பாதியிலேயே மூடிக்கொள்ளும். இன்னொரு கோடு வேண்டும், அதற்கு மேலும் ஒன்று வேண்டும். மொத்தம் மூன்று இழை. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு இழை. ஐந்துக்கு ஏழு என்றால் ஒன்று. ஆறுக்கு ஒன்பது என்றால் எத்தனை வரும் என்று கோடு போடாமலே சொல்லலாம். அதற்கு ஒரு விதி உண்டு, பள்ளியில் படித்ததுதான். இரண்டு எண்களும் பொதுவாக எதால் வகுபடுகின்றன என்று பார்த்தால் பிடிபடும். நீங்களே கண்டுபிடித்தால் அதில் கிடைக்கும் சுகம் தனி.

சதுரமும் செவ்வகமும் பழகிய பிறகு இடைப்புள்ளிக்குப் போகலாம். "5 புள்ளி, 3-ல் நிறுத்தவும்" என்று பத்திரிகைகளில் போடுவார்களே, அதுதான். நடு வரிசையில் 5, அதன் மேலும் கீழும் இடையிடையே 4, அதற்கு அப்பால் 3. ஆக மொத்தம் 19 புள்ளிகள். எங்காவது ஒரு வளைவு தப்பினால் கடைசியில் ஒரு புள்ளி அநாதையாக நிற்கும். தப்பு எங்கே என்று அந்த நோட்டே காட்டிக்கொடுத்துவிடும், வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1970-களில் இந்தக் கோலங்களுக்குக் கணித இலக்கணம் எழுதினார்கள். படங்களைக் கணினிக்குப் புரியும் விதிகளாக மாற்றும் ஆய்வில் நம் வாசல் கோலத்துக்கு ஓர் இடம் கிடைத்தது அப்படித்தான். பாட்டி மனப்பாடமாகப் போட்டுவிட்டு எழுந்து போனதில் இவ்வளவு கணக்கு இருந்திருக்கிறது.

ஒயர்க்கூடை

முடித்த வேலை கையில் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட மலிவானது கிடைப்பது கஷ்டம். ஃபேன்சி ஸ்டோரில் ஒயர் ரோலாகக் கிடைக்கும். ஒன்றரை ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை என்று ரோல் கணக்கிலேயே கூடைக்குப் பேர். முதல் முயற்சிக்குப் பெரிய கூடை வேண்டாம், செல்போன் வைக்கும் பை அளவுக்குச் சின்னதாக ஒன்று போதும். ஒயரை ஒரே அளவாக நறுக்கிக்கொள்ள வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசி வரிசையில் ஒயர் எட்டாமல் போய்விடும்.

முதலில் அடிப்பாகம். ஒயர்களை இரண்டாக மடித்து ஒன்றோடொன்று கோத்துச் சாதா முடிச்சாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். தேவையான நீளமும் அகலமும் வந்ததும் நான்கு பக்கமும் ஒயர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு ரன்னிங் ஒயரை, அதாவது கூடையைச் சுற்றி ஓடும் ஒயரை விட்டு, சுற்றிச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலே ஏற வேண்டும். மூலை திரும்பும் இடத்தில் முதல் சுற்று கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். இரண்டாவது சுற்றில் இறுகிப் பெட்டி மாதிரி நிமிர்ந்துவிடும். அந்த இடத்தில்தான் பலருக்கும் இந்த வேலை பிடித்துப்போகிறது. தட்டையாகக் கிடந்தது கூடையாக எழுந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு முடிச்சையும் ஒரே இறுக்கத்தில் இழுக்க வேண்டும் என்பதே கவனத்தைப் பிடித்து வைக்கும். தப்பினால் அவிழ்த்துப் போடலாம், ஒயர் வீணாகாது.

சாதா முடிச்சு கைவந்த பிறகு நெல்லிக்காய், சிவன் கண், பிஸ்கட் என்று வரிசையாக ஏறலாம். யூடியூபில் தமிழிலேயே பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஆனால் தெருவில் கூடை பின்னத் தெரிந்த ஓர் அக்காவோ அத்தையோ இருந்தால் அவரிடமே போங்கள். "இந்த மூலை எப்படித் திருப்பறதுங்க அத்தை?" என்று கேட்டுக்கொண்டு போனால், கூடையோடு அரை மணி நேரம் மனிதப் பேச்சும் கிடைக்கும். உங்கள் பிரச்சினையைப் பற்றி இல்லாத பேச்சு. நெருக்கடியில் இருப்பவருக்கு அது அபூர்வம்.

காலண்டர் தாளும் நிலாவும்

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதியும் நட்சத்திரமும் போட்டிருக்கும். "இன்று ரோகிணி, மாலை 4.10 வரை, பிறகு மிருகசீரிடம்" என்கிற மாதிரி. ராசிபலன் பார்ப்பவர்களுக்கு மட்டுமே அது என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அந்த வரி வானத்தின் விலாசம். நிலா அன்றைக்கு எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது என்றுதான் அது சொல்கிறது. மாடியேறிச் சரிபார்க்கலாம்.

வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவர நிலாவுக்கு 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். 27 நட்சத்திரங்கள் வந்தது அதனால்தான், ஒரு நாளைக்கு ஒன்று. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. நிலா ஒரு நாளில் 13 பாகை, அதாவது ஒரு முஷ்டியும் கொஞ்சமும், கிழக்கே நகரும். இன்று ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பார்த்த நிலாவை நாளை அதே நேரத்தில் பார்த்தால் இந்த நகர்வு பளிச்சென்று தெரியும்.

தொடங்கச் சுலபமான காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை. முன்னிரவில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் ஒரே கோட்டில் நிற்பதைத் தேடுங்கள். ஓரியன் கூட்டத்தின் இடுப்புப் பட்டி அது. அதற்கு வடக்கே செம்மஞ்சளாக மின்னுவது திருவாதிரை. மூன்று நட்சத்திரக் கோட்டை வடமேற்கே நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. இன்னும் தள்ளிப் போனால், சின்னக் கொத்தாகக் கார்த்திகை. அதே கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். மே, ஜூன் மாதங்களில் பார்ப்பவர்கள் தெற்கு வானில் சிவப்பாகத் தெரியும் கேட்டையிலிருந்தும், உச்சிப் பக்கத்தில் வெண்மையாக ஒளிரும் சித்திரையிலிருந்தும் தொடங்கலாம்.

இதெல்லாம் பிடிபட்டபின் பண்டிகைகளே வேறு மாதிரித் தெரியும். சித்ரா பௌர்ணமியன்று முழுநிலா சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில் இருக்கும். கார்த்திகை தீபத்தன்று கார்த்திகைக் கொத்தின் பக்கத்தில். தைப்பூசம், வைகாசி விசாகம் எல்லாமே இந்தக் கணக்குதான். நிலா வெளிச்சத்தில் மங்கலான கொத்துகள் மறைந்துபோகும் என்பதால் பழகுவதற்கு வளர்பிறையின் முதல் வாரம் நல்லது. ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலி பெயர்களைச் சொல்லும். ஆனால் முதலில் வெறும் கண்ணால் ஊகித்துவிட்டு அப்புறம் செயலியைப் பாருங்கள். முதலிலேயே போனை எடுத்தால் கண்ணுக்கும் மூளைக்கும் வேலை இல்லாமல் போய்விடும், வாட்ஸ்அப் செய்தி ஒன்று எட்டிப் பார்த்து இரவே கெட்டுவிடும்.

ஜன்னல் பறவைகள்

பைனாகுலர் வேண்டாம், காடும் வேண்டாம். ஒரு ஜன்னல், ஒரு நோட்டு, தினமும் அதே நேரத்தில் 15 நிமிடம். காகம், மைனா, புறா இவற்றோடு பட்டியல் முடிந்துவிடும் என்று நினைத்து உட்காருவோம். நாலைந்து நாளில் கரண்டுக் கம்பியில் பிளவுபட்ட வாலோடு உட்காரும் கரிச்சான், செம்பருத்தியில் தேன் உறிஞ்ச வரும் தேன்சிட்டு, கூட்டமாகக் கத்திக்கொண்டு தரையில் தத்தும் தவிட்டுக்குருவிகள் என்று ஆட்கள் ஏறுவார்கள். ஊரையே கூட்டும் சத்தம் கேட்கும், பார்த்தால் கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று இலைக்குள் ஒளிந்திருக்கும். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு அது.

வெறுமனே பெயர் எழுதாதீர்கள். என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். "காலை 7.10, கரிச்சான் காகத்தைத் துரத்தியது." அந்த ஒரு வரி உங்களை உற்றுப் பார்க்க வைக்கும். மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பறவையை ஊகித்துச் சொல்லும். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் உலகளாவிய கணக்கெடுப்பும் நடக்கின்றன. 15 நிமிடம் பார்த்து எண்ணியதை ஈபேர்ட் தளத்தில் ஏற்றினால் உங்கள் ஜன்னலும் அந்தக் கணக்கில் சேரும்.

அஞ்சறைப் பெட்டித் தோட்டம்

விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். வெந்தயம் ஒரு கைப்பிடி எடுத்து இரவில் ஊற வையுங்கள். அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பாவில் நாலு விரல் உயரத்துக்கு மண், மேலே வெந்தயத்தைப் பரப்பி மெல்லியதாக ஒரு மண்போர்வை, தண்ணீர் தெளிப்பு. மூன்று நான்கு நாளில் முளை தெரியும், மூன்று வாரத்தில் கிள்ளலாம். கொத்தமல்லி என்றால் விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போட வேண்டும். பொறுமையும் கூடுதலாக வேண்டும். தோட்டத்தில் கைவேலை நேரம் குறைவு. அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம், மேலே சொன்னவற்றில் ஒன்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் எப்படி?

முதல் வாரம்: தினமும் 15 நிமிடம், நாளின் மிக மோசமான நேரத்துக்குச் சற்று முன்னால். பலருக்கு அது சாயங்காலம், சிலருக்கு விடிகாலை. பிடிக்கிறதா இல்லையா என்று இந்த வாரத்தில் தீர்ப்பு எழுதக் கூடாது.

இரண்டாவது வாரம்: ஒரு படி கடினமாக்குங்கள். புள்ளியைக் கூட்டுங்கள், முடிச்சை மாற்றுங்கள், புது நட்சத்திரம் ஒன்றைத் தேடுங்கள். அலுப்பு வந்தால் கடினம் போதவில்லை என்று பொருள். எரிச்சல் வந்தால் கூடிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது வாரம்: ஒரே கேள்வி கேளுங்கள். "செய்யும்போது சில நிமிடமாவது பிரச்சினையை மறந்தேனா?" ஆம் என்றால் அதையே தொடருங்கள். இல்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் அடுத்ததற்கு மாறுங்கள்.

நான்காவது வாரம்: இப்போது வேண்டுமானால் ஒரு பொருள் வாங்கலாம். அதற்கு முன் கிளை நூலகத்தை எட்டிப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டதால் நம் ஊர்களில் நூலகங்களுக்குப் பஞ்சமில்லை. பறவை, தோட்டம், வானியல், கைவேலை பற்றிய நூல்களை அங்கே எடுத்துப் படிக்கலாம்.

வழியில் உள்ள பள்ளங்கள்

*"இதை விற்றால் என்ன?"* இரண்டாவது கூடை முடிந்ததும் யாராவது கேட்பார்கள். பணமுடை நேரத்தில் நமக்கே தோன்றும். விற்கலாம், தப்பில்லை. ஆனால் ஆர்டர் எடுத்த அன்றே அது வேலையாகிவிடும். கெடுவும் புகாரும் சேர்ந்து வரும். வருமானத்துக்குக் கூடை பின்னினால், மனசுக்கு வேறு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

*ஸ்டேட்டஸ் போடுவது.* போட்டதும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்குவோம். முதல் மாதம் முழுவதும் யாருக்கும் காட்டாமல் செய்து பாருங்கள்.

*வீட்டுப் பேச்சு.* "இவ்வளவு பிரச்சினையில உனக்குக் கூடை கேக்குதா?" என்பது வரத்தான் செய்யும். எதிர்த்து வாதாட வேண்டாம். "அரை மணி நேரம்மா, முடிச்சுட்டு வந்து பேங்க் பேப்பரைப் பார்க்கிறேன்" என்று நேரத்தைச் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு எழுந்தும் விடுங்கள். இரண்டு வாரத்தில் பேச்சு அடங்கிவிடும்.

*ஒளிந்துகொள்வது.* பொழுதுபோக்கு இடைவேளைக்குத்தான். கட்ட வேண்டிய தவணையையும் பார்க்க வேண்டிய டாக்டரையும் தள்ளிப்போட அது சாக்காகிவிட்டால் அளவு மீறிவிட்டது. நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

இது போதாத இடம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், எதைத் தொட்டாலும் அழுகை வந்தால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், கோலமும் கூடையும் அதற்குப் பதிலல்ல. மத்திய அரசின் டெலி-மனாஸ் எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சிகிச்சை எடுத்துக்கொண்டே பொழுதுபோக்கையும் தொடரலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

இன்றே செய்ய வேண்டியவை

1. உங்கள் நாளின் மிக மோசமான அரை மணி நேரம் எது என்று எழுதுங்கள். மணியைக் குறித்து எழுதுங்கள்.

2. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? வீடா, வராந்தாவா, பேருந்தா, படுக்கையா?

3. அந்த இடத்தில் செய்ய முடிகிற ஒன்றை இந்த அத்தியாயத்திலிருந்து எடுங்கள். இரண்டு தோன்றினால் செலவு குறைந்ததை எடுங்கள்.

4. அதற்கு வேண்டிய பொருளை, பெரும்பாலும் ஒரு நோட்டும் பென்சிலும்தான், இன்று இரவுக்குள் அந்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். தேடி எடுக்க வேண்டியிருந்தால் நாளை தொடங்க மாட்டீர்கள்.

5. மூன்றாவது வாரக் கேள்விக்கு இன்றே காலண்டரில் ஒரு தேதியை வட்டமிடுங்கள். அதுவரை பிடித்ததா என்று யார் கேட்டாலும், நீங்களே கேட்டுக்கொண்டாலும், "இன்னும் தேதி வரவில்லை" என்று சொல்லிவிடுங்கள்.